11-லேயே முட்டிக்கொண்டு நிற்கும் ஃபைபர்

கேள்வி: அச்சகம் நடத்துகிறோம். டிசைன் செக்‌ஷன் ஒரு கட்டடத்தில், பிளேட் எடுக்கும் மெஷின் 200 மீட்டர் தள்ளி இன்னொரு கட்டடத்தில். நடுவில் ஃபைபர் இழுத்து, 1 ஜிபிபிஎஸ் வரும் என்று சொல்லித்தான் போட்டுக் கொடுத்தார்கள். காலண்டர் ஃபைல்களை காப்பி பண்ணினால் விண்டோஸில் விநாடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறுவதே இல்லை. லைன் போட்டவர் ஃபைபரையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
- வாசகர், சிவகாசி

பதில்: வேண்டாம், பொறுங்கள். நீங்கள் எழுதிய அந்த 11-தான் துப்பு. விண்டோஸ் காட்டுவது மெகாபைட், லைன்காரர்கள் எம்பிபிஎஸ் என்று பேசுவது விநாடிக்கு இத்தனை மெகாபிட். ஒரு பைட்டுக்கு 8 பிட். 8-ஆல் பெருக்கிப் பாருங்கள், 90-க்குப் பக்கத்தில் வரும். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் டேட்டாவோடு சேர்ந்து போகும் முகவரி போன்ற தலைப்புத் தகவல்களுக்குப் போனது போக நம் ஃபைலுக்கு மிஞ்சுவது 94 எம்பிபிஎஸ்தான். ஃபைபரில் கோளாறு என்றால் வேகம் ஏறி இறங்கும், லிங்க் விட்டு விட்டு வரும். இப்படி ஆணி அடித்தாற்போல் ஒரே எண்ணில் நிற்காது. அப்படியென்றால் வழியில் எதுவோ ஒன்று 100-லேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்கு முதல் சந்தேகம், ஃபைபரின் இரு முனையிலும் உட்கார்ந்து, ஒளியை ஒயரில் போகும் சிக்னலாக மாற்றும் பெட்டியான மீடியா கன்வெர்ட்டர் மேல்தான். விலை குறைவு என்று, 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாத 10/100 மாடலை மாட்டிவிட்டுப் போவது ரொம்ப சகஜம். பெட்டியின் மேல் 1000 (அதாவது 1 ஜிபிபிஎஸ்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒரு பக்கம் 100, மறுபக்கம் 1000 என்று வைத்தால் பொதுவாக லிங்க்கே வராது.

அது சரியாக இருந்தால் அடுத்தது கன்வெர்ட்டரிலிருந்து நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் (பல கம்ப்யூட்டர்களை இணைக்கும் பெட்டி), ஸ்விட்சிலிருந்து கம்ப்யூட்டருக்கும் போகும் சின்ன ஒயர்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 4 கம்பி போதும், 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு 8 கம்பியும் வேண்டும். ஒயர் முனையில் பிளக்கை கிரிம்ப் பண்ணும்போது அந்தக் கூடுதல் 4-இல் ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் இரண்டு முனையும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட்டும் ஓடும், யாருக்கும் சந்தேகமும் வராது. விண்டோஸில் நெட்வொர்க் அடாப்டர் ஸ்டேட்டஸைத் திறந்தால் 100 எம்பிபிஎஸ்ஸா 1 ஜிபிபிஎஸ்ஸா என்று போட்டிருக்கும். ஆனால் அது அந்தக் கம்ப்யூட்டரின் ஒயரை மட்டும்தான் சொல்லும், ஒவ்வொரு முனையாகப் பார்க்க வேண்டும்.

மாற்றிய பிறகு 110 எம்பி பக்கம் வர வேண்டும். வரவில்லையென்றால் பழைய ஹார்ட் டிஸ்க் இழுக்கிறதா என்று பாருங்கள். ஃபைல் காப்பியை வைத்து லைனை அளக்காமல், டிஸ்க்கைத் தொடாமல் சோதிக்கும் ஐபெர்ஃப் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

கேள்வி: எங்கள் சென்னை ஆபீஸில் 1 ஜிபிபிஎஸ் லைன். ஸ்பீட் டெஸ்ட்டில் 900-க்கு மேல் காட்டுகிறது. சிங்கப்பூர் சர்வருக்கு பேக்கப் போட்டால் மட்டும் 15 எம்பிபிஎஸ்தான். யார் மேல் தப்பு?
- வாசகி, சென்னை

பதில்: தூரத்தின் மேல், பாதி தப்பு உங்கள் பேக்கப் மென்பொருள் மேல். 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் போட்ட ஐ2ஐ கடலடி கேபிளின் நீளமே ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும் என்பதால், போய்வரவே 32 மில்லி விநாடி ஆகிவிடும், நடுவில் உள்ள ரூட்டர்களையும் சேர்த்தால் 35 என்று வையுங்கள். பழைய பாணி மென்பொருள் 64 கேபி அனுப்பிவிட்டு, 'வந்துசேர்ந்தது' என்று பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். 35 மில்லி விநாடிக்கு ஒரு 64 கேபி என்றால் கணக்கு சரியாக உங்கள் 15 எம்பிபிஎஸ்தான். ஸ்பீட் டெஸ்ட் பக்கத்திலேயே இருக்கும் சர்வரோடு, ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து பேசுகிறது, அதனால் அங்கே இது தெரியாது.

அந்த லைன் முழுக்க நிரம்ப, பதிலுக்குக் காத்திராமல் சுமார் 4.4 எம்பி வழியில் இருக்க வேண்டும். மென்பொருளில் டிசிபி விண்டோ அளவு (பதில் வருமுன் எவ்வளவு அனுப்பலாம் என்ற வரம்பு) அல்லது பஃபர் என்று ஏதாவது இருந்தால் கூட்டுங்கள். இல்லையென்றால் ஒரே நேரத்தில் 8, 10 ஃபைல்களாக அனுப்பும்படி வையுங்கள், உடனே வித்தியாசம் தெரியும். 2 ஜிபிபிஎஸ் பிளானுக்கு மட்டும் மாறிவிடாதீர்கள், அதிலும் இதே 15-தான் வரும்.