பாலம் பக்கத்திலேயே இருக்கும்போது குவாத்தமாலா-மெக்சிகோ எல்லையில் ஏன் டியூப் தெப்பத்தில் ஆற்றைக் கடக்கிறார்கள்? அந்த ஊரே கடத்தல் ஊரா?

இல்லை. நீங்கள் பார்த்தது அகதிகள் கூட்டம் கூட்டமாகக் கடந்த நாட்களின் காணொளியாக இருக்கும். கேமரா அப்போதுதான் அங்கே போகிறது. மற்ற நாட்களில் அதே தெப்பத்தில் போவது முட்டை, சமையல் எண்ணெய், சோள மாவு, கழிப்பறைக் காகிதம், சாமான் வாங்கித் திரும்பும் பெண்கள்.

ஊரின் பெயர் தெக்குன் உமான். சான் மார்கோஸ் மாகாணத்தில் ஆயுத்லா நகராட்சியின் தலைமையிடம். எதிர்க்கரையில் மெக்சிகோவின் சியுதாத் இதால்கோ. நடுவே சுச்சியாத்தே ஆறு.

தெப்பம் என்பது டிராக்டர் டியூப் இரண்டு. காற்றடித்து அருகருகே கிடத்தி, கயிற்றால் பிணைத்து, மேலே பலகைகளை வரிசையாகக் கட்டினால் தயார். ஓட்டுபவர் நின்றபடி நீண்ட கழியை ஆற்றடியில் ஊன்றித் தள்ளுவார். கோடையில் தண்ணீர் குறைந்தால் இறங்கி நடந்தே இழுத்துக்கொண்டு போவார். கனமான மூட்டைகள் நடுவில், இரண்டு டியூபிலும் பாரம் சமமாக, முட்டைத் தட்டுகள் எல்லாவற்றுக்கும் மேலே. ஒரு பக்கம் அழுந்திவிட்டால் பலகையின் ஓரம் நீரில் இறங்கும். ஓட்டம் அதைப் பிடித்துத் தெப்பத்தையே சுழற்றிவிடும். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், தக்கானா எரிமலைச் சரிவில் மழை கொட்டியிருக்கும், ஆறு செம்மண் நிறத்தில் பெருகி வரும். கழி தரையில் எட்டாத ஆழம் வந்துவிட்டால் தெப்பத்தைத் திருப்ப வேறு வழியே கிடையாது.

பாலத்தை விட்டுவிட்டு ஏன் இந்தப் பாடு என்றால், வரிக்கணக்கு. குவாத்தமாலாவில் மதிப்புக்கூட்டு வரி 12 சதவீதம். மெக்சிகோவில் பொது விகிதம் 16 என்றாலும் அடிப்படை உணவுப் பொருட்களுக்குப் பூஜ்யம். அதோடு மெக்சிகோ நாணயமான பேசோவின் மதிப்பு சரிந்தால், கையில் குவாத்தமாலா நாணயமான கெத்சால் வைத்திருப்பவருக்கு அக்கரைச் சாமான் இன்னும் மலிவு. பாலம் வழியாகக் கொண்டுவந்தால் சுங்கம், சுகாதாரச் சான்று, காத்திருப்பு. நாலு தட்டு முட்டைக்கு யார் இவ்வளவும் செய்வார்கள்? பேசோ ஏறும்போது இதே சரக்கு ஓட்டம் படுத்துவிடும்.

‘கடத்தலுக்கு வக்காலத்தா?’ என்று யாராவது கேட்பீர்கள். சட்டப்படி அது கடத்தல்தான், மறுக்கவில்லை. வரி கட்டாத முட்டையோடு போட்டி போட வேண்டியிருக்கிறது என்ற குவாத்தமாலா கோழிப்பண்ணைக்காரர்களின் புகாரும் நியாயம். ஆனால் கழி ஊன்றுபவரும், கரையிலிருந்து மூன்று சக்கர மிதிவண்டியில் மூட்டை ஏற்றிப் போகிறவரும் அன்றாடக் கூலிக்காரர்கள். மொத்த லாபம் சரக்குக்குச் சொந்தக்காரரிடம் போகிறது.

இந்த ஆறு எல்லையானது 1882 ஒப்பந்தத்தில். இன்று மெக்சிகோவின் தெற்குப் பகுதிகளான சியாப்பாஸ், சொக்கோனுஸ்கோ இரண்டின் மீதும் இருந்த உரிமைக் கோரிக்கையைக் குவாத்தமாலா கைவிட்டது. பிறகு ரயில் வந்தது. மெக்சிகோவின் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர், குவாத்தமாலாவினுடையது 914. ஒரு நாட்டுப் பெட்டி மறு நாட்டுத் தண்டவாளத்தில் ஓடாது என்பதால், சரக்கை இறக்கி மாற்றித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. 2005இல் ஸ்டான் புயல் சியாப்பாஸ் பக்கம் ரயில் பாலங்களை அடித்துக்கொண்டு போன பிறகு, அமெரிக்காவை நோக்கி வடக்கே போகும் அகதிகள் சரக்கு ரயிலைப் பிடிக்க மெக்சிகோவுக்குள் அரியாகா என்ற ஊர் வரை இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியதாயிற்று.

அகதிகள் இந்தக் கரையில் குவிவதற்கும் காரணம் உண்டு. 2006 உடன்பாட்டின்படி ஹோண்டுராஸ், எல் சால்வடோர், நிகராகுவாக்காரர்கள் தங்கள் அடையாள அட்டையைக் காட்டியே குவாத்தமாலாவுக்குள் வரலாம். அவர்களுக்கு விசா கேட்கும் முதல் எல்லை சுச்சியாத்தேதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2018இல் அகதிகள் கூட்டம் கதவை உடைத்த அந்தப் பாலத்தின் பெயர் டாக்டர் ரொடோல்ஃபோ ரோப்லெஸ். உலகமே அந்தப் பாலத்தைக் காட்டியது, அவர் யார் என்று ஒரு வரி சொல்லவில்லை. காப்பித் தோட்டத் தொழிலாளர்களின் தலையில் வரும் கட்டிகளுக்குள் இருக்கும் புழுவுக்கும் அவர்கள் பார்வை போவதற்கும் தொடர்பு உண்டு என்று 1915இல் கண்டுபிடித்தவர் அவர். வேகமாக ஓடும் ஓடைகளில் பெருகும் கருப்பு ஈ பரப்பும் நோய் அது. மெக்சிகோ அந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது 2015இல், குவாத்தமாலா 2016இல். ஒரு நூற்றாண்டு உழைப்பு. இதைச் சொல்ல ஒரு செய்தியாளருக்கும் நேரமில்லை என்பது எனக்கு ஆறவே ஆறாத கோபம்.

நீங்கள் போய்ப் பார்க்கும் எண்ணத்தில் கேட்டிருந்தால், மெக்சிகோ விசாவோ செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கையில் வைத்துக்கொண்டு பாலத்தில் நடந்து போங்கள். குவாத்தமாலா பக்கம் வெளியேறும் முத்திரை, மெக்சிகோ பக்கம் நுழையும் முத்திரை, இரண்டையும் வாங்குங்கள். தெப்பத்தில் போனால் முத்திரை இருக்காது. மெக்சிகோவின் தப்பாச்சுலா நகருக்குப் போகும் சாலையில் குடிவரவுச் சோதனையில் பஸ்ஸை நிறுத்திக் கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.