'பவர் ஃபோர்' கல்லூரியா, 'மிட் மேஜர்' கல்லூரியா?

கேள்வி: மகள் டென்னிஸ் ஆடுகிறாள். இரண்டு அமெரிக்கக் கல்லூரிகள் அழைக்கின்றன. ஒன்று 'பவர் ஃபோர்', இன்னொன்று 'மிட் மேஜர்' என்கிறார்கள். மிட் மேஜர் என்றால் மட்டமா?

இல்லவே இல்லை. இந்தப் பட்டமெல்லாம் டென்னிஸைப் பார்த்துக் கொடுத்ததே கிடையாது, 'பவர் ஃபோர்' என்பது அமெரிக்கன் ஃபுட்பாலும் அதில் கொட்டும் டிவி பணமும் கொடுத்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ., கல்லூரிகளைப் பிரிப்பது டிவிஷன் 1, 2, 3 என்றுதான், அதில் 1 தான் மேல்மட்டம். உங்களுக்கு வந்த இரண்டுமே டிவிஷன் 1 ஆகத்தான் இருக்கும். எஸ்.இ.சி., பிக் டென், பிக் 12, ஏ.சி.சி. என்ற நான்கு பணக்காரக் கான்ஃபரன்ஸ்கள்தான் (தங்களுக்குள் போட்டி ஆடும் கல்லூரிக் குழுக்கள்) பவர் ஃபோர். 2024 வரை பாக்-12-ஐயும் சேர்த்து ஐந்து. அதிலிருந்து பத்துக் கல்லூரிகள் கிளம்பிவிட, ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் மிஞ்சின. அங்கே ஆடும் பிள்ளைகளின் திறமை ஒரே இரவில் குறைந்துவிடவில்லை, ஆனாலும் பட்டம் போய்விட்டது.

'மிட் மேஜர்' என்பது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத சொல், கூடைப்பந்து ரசிகர்களும் பத்திரிகைகளும் புழங்குவது. அப்படிச் சொல்லப்படும் வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் இருந்துகொண்டே பெப்பர்டைன் பல்கலைக்கழகம் 2006-ல் என்.சி.ஏ.ஏ. ஆண்கள் டென்னிஸ் பட்டத்தை வென்றது, 2021-ல் அதன் பெண்கள் அணி இறுதிப்போட்டி வரை போனது. அதற்காகப் பெரிய கான்ஃபரன்ஸ் வெறும் பந்தா என்று சொல்ல மாட்டேன். சென்னையில் படித்த சோம்தேவ் தேவ்வர்மன் 2007, 2008 இரண்டு வருடமும் என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் பட்டம் வென்றது ஏ.சி.சி.யில் இருக்கும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடித்தான். பணம் இருக்கும் இடத்தில் நல்ல பயிற்சியாளர், பிசியோ, உள்ளரங்க மைதானம் எல்லாம் கிடைக்கும், அது உண்மை.

சரி, நீங்கள் என்ன பார்க்க வேண்டும்? கல்லூரி டென்னிஸ் சங்கமான ஐ.டி.ஏ. வெளியிடும் அணித் தரவரிசையில் இரண்டு கல்லூரிகளும் கடந்த சில வருடங்களாக எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். அப்புறம், ஓர் அணியில் ஒற்றையர் ஆட ஆறு பேருக்குத்தான் இடம், மூன்று ஜோடிகள் இரட்டையர் ஆடும். அந்த ஆறில் மகள் முதல் வருடமே வருவாளா என்று பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள். பெரிய பெயருள்ள அணியில் பெஞ்சில் உட்கார்ந்து வருடங்களைக் கழிப்பதைவிட, சின்ன கான்ஃபரன்ஸில் வாராவாரம் ஆடுவதுதான் அவள் ஆட்டத்தை வளர்க்கும் என்பது என் உறுதியான கருத்து.

உதவித்தொகை எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். பயணத்தையும் விசாரியுங்கள்: கலிஃபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்ஃபோர்ட் இப்போது ஏ.சி.சி.யில், கான்ஃபரன்ஸ் ஆட்டங்களுக்கு நாட்டின் மறுகரை வரை பறக்க வேண்டியிருக்கிறது. எத்தனை வகுப்பு தவறும், தவறிய பாடத்துக்கும் தேர்வுக்கும் கல்லூரி என்ன ஏற்பாடு செய்யும் என்பதை இப்போது அங்கே ஆடும் மாணவி ஒருவரிடமே கேட்டுவிடுங்கள்.