மணாலி சேர்ந்த மறுநாளே பிருகு ஏரிக்கு ஏறலாமா?

கேள்வி: ராயபுரத்தில் இருக்கிறோம். எனக்கு 47 வயது, கணவருக்கு 52. மகன் கல்லூரியில் படிக்கிறான். ஜூன் மாதம் மூன்று பேரும் மணாலிக்கு டூர் போகிறோம். காலையில் மணாலி சேர்ந்து அன்று ஓய்வு, மறுநாள் கைடுடன் பிருகு ஏரிக்கு ஒரு நாள் டிரெக்கிங் என்று பேக்கேஜில் போட்டிருக்கிறார்கள். நானும் கணவரும் தினமும் விடிகாலையில் கடற்கரைப் பக்கம் ஐந்து கிலோமீட்டர் நடப்போம். அவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். எங்களால் ஏற முடியுமா? என்ன பயிற்சி செய்ய வேண்டும்? என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: ஏற முடியும். ஆனால் மறுநாளே வேண்டாம். நீங்கள் கேட்டிருக்கும் பயிற்சி, பொருள்கள் இரண்டையும்விட இந்தத் தேதி விஷயம்தான் முக்கியம், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ராயபுரம் கடல் மட்டத்தில் இருக்கிறது. மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரம். ரோத்தாங் கணவாய்க்குப் போகும் பழைய சாலையில் குலாபா என்ற இடம்தான் பிருகு ஏரிக்கு வழக்கமான தொடக்கம்; அது ஏறக்குறைய 3,000 மீட்டர். ஏரி 4,200 மீட்டருக்கு மேல். உங்கள் பேக்கேஜ்படி பார்த்தால், மணாலியில் ஒரே ஒரு இரவு தூங்கிவிட்டு, மறுநாள் மதியத்துக்குள் அங்கிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயரப் போகிறீர்கள்.

மலை மேலே காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைந்துவிடுவதில்லை. இங்கேயும் அங்கேயும் அது 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். அதனால் ஏரிக்கரையில் நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும், ராயபுரத்தில் கிடைப்பதில் 60 சதவீதம் அளவுக்குத்தான் ஆக்சிஜன் உள்ளே போகும். உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மூச்சு வேகமாவது சில மணி நேரத்தில் நடக்கும். அப்படி வேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் ஏற்படும் மாற்றத்தைச் சிறுநீரகம் சரிசெய்ய ஓரிரு நாள் ஆகும். ரத்தத்தில் சிவப்பணு கூடுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். ஒரு நாள் நடைக்கு அந்த மூன்றாவது கட்டம் தேவையில்லை. இரண்டாவது கட்டத்துக்காவது நேரம் கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. நம் மாநிலத்தின் மிக உயரமான இடம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். பக்கத்துக் கேரளத்தின் ஆனைமுடி 2,695 மீட்டர். வெள்ளியங்கிரியின் ஏழாவது மலைகூட 2,000 மீட்டரைத் தொடாது. உடம்பு பழகுவதற்குள் உயரத்துக்குப் போவதால் வரும் உயர்மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டும். அதாவது வெள்ளியங்கிரியும் சதுரகிரியும் வருஷம் தவறாமல் ஏறுகிறவர்களுக்கும் தங்கள் உடம்பு உயரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிய வழியே இல்லை. "மலையெல்லாம் ஏறிப் பழக்கம்தான்" என்று யாராவது தைரியம் சொன்னால் இதை மனதில் வையுங்கள்.

இன்னொன்று, உடற்கட்டு இதற்குக் கவசம் ஆகாது. கால்பந்து ஆடுகிற இருபது வயதுப் பையனுக்குத் தலைவலியும் வாந்தியும் வரும். பக்கத்தில் அறுபது வயதுக்காரர் நிதானமாக நடந்துகொண்டிருப்பார். இளைஞர்கள் வேகமாக ஏறுவதால் அவர்களுக்குத்தான் பல நேரம் ஆபத்து அதிகம். உங்கள் மூவரில் எனக்கு அதிகக் கவலை உங்கள் மகனைப் பற்றித்தான். அவரிடம் இப்போதே பேசிவையுங்கள்: மலையில் கைடுக்கு முன்னால் போகக் கூடாது, தலை வலித்தால் வீரத்துக்காக மறைக்கக் கூடாது.

சரி, பயணத்தை எப்படி மாற்றுவது? சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்தால் டெல்லிக்கே இரண்டு இரவு. அப்புறம் மணாலிக்கு ராத்திரி பஸ். இவ்வளவும் கழித்து வந்து சேரும் நாளில் உடம்பில் தூக்கமும் இருக்காது, தண்ணீரும் இருக்காது. அன்று குளித்து, சாப்பிட்டு, தூங்குங்கள். இரண்டாம் நாள் ஹடிம்பா கோயில், வசிஷ்ட் என்று ஊருக்குள்ளேயே மெதுவாக நடங்கள். மூன்றாம் நாள் வண்டியில் அடல் சுரங்கப்பாதை வழியாக அந்தப் பக்கம் உள்ள சிஸ்ஸுவுக்குப் போங்கள். 2020 அக்டோபரில் சுரங்கம் திறந்ததிலிருந்து மணாலியிலிருந்து கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அந்த ஊர் 3,000 மீட்டருக்குச் சற்று மேல். அங்கே பகல் முழுக்க இருந்து, ஆற்றோரம் ஒரு மணி நேரம் நடந்து, இரவு மணாலிக்குத் திரும்பித் தூங்குங்கள். பணமும் நாளும் இருந்தால் சிஸ்ஸுவிலேயே ஓர் இரவு தங்குவது இன்னும் நல்லது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ ஏரிக்கு ஏறுங்கள். மழை வந்தால் தள்ளிப்போட ஒரு நாள் கையில் இருக்கட்டும்.

ஒரு நாள் நடையில் நமக்குக் கிடைக்கும் பெரிய சலுகை, இரவு மேலே தங்குவதில்லை என்பது. உயர்மலை நோயின் மோசமான வடிவங்கள் பெரும்பாலும் மேலே தூங்குகிறவர்களுக்குத்தான் வருகின்றன. ஆனால் தலைவலியும் குமட்டலும் மேலே போன சில மணி நேரத்திலேயே வரலாம். இறங்கும் வழியில் தொடங்குவதும் உண்டு.

அறிகுறிகளை வீட்டிலேயே மூவரும் உட்கார்ந்து ஒருமுறை பேசிவிடுங்கள். உயரத்தில் தலைவலி வந்தால், வேறு காரணம் உறுதியாகத் தெரியும்வரை அதை உயர்மலை நோய் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கூடவே குமட்டல், கிறுகிறுப்பு, அளவுக்கு மீறிய சோர்வு இருந்தால் மேலே ஓர் அடிகூட வைக்கக் கூடாது. உட்கார்ந்து ஓய்வெடுத்தும் சரியாகவில்லை என்றால் இறங்க வேண்டும். மூன்று விஷயங்களைக் கண்டால் ஓய்வுக்கே காத்திருக்காமல் உடனே இறங்குங்கள்: சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, பேச்சிலோ நடத்தையிலோ குழப்பம், நேர்கோட்டில் குதிகாலையும் கால்விரலையும் ஒட்டி வைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடுவது. தள்ளாட்டம் மூளையில் நீர் கோப்பதன் அடையாளமாக இருக்கலாம். பாதிக்கப்பட்டவரைத் தனியாக அனுப்பக் கூடாது. இறங்குவதுதான் மருந்து, முந்நூறு மீட்டர் இறங்கினாலே பலருக்குத் தெளிந்துவிடும். கற்பூரத்தை முகர்வது, பூண்டு மெல்லுவது, கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பா, இவை எதுவும் இறங்குவதற்கு மாற்று ஆகாது. கற்பூரத்தால் மூக்கு திறந்தாற்போல் இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் கூடாது.

கைடு இருக்கிறாரே, அவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று தோன்றும். நல்ல கைடு பார்த்துக்கொள்வார், ஆனால் உங்கள் தலைக்குள் இருக்கும் வலி அவர் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதுவும் அவருக்குப் புரிகிற மொழியில். ஹிந்தி தெரியாவிட்டால் இந்த நான்கை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். தலைவலிக்கு "சிர் மே தர்த் ஹை". தலை சுற்றினால் "சக்கர் ஆ ரஹா ஹை". வாந்தி வருவதுபோல் இருந்தால் "உல்டி ஜைசா லக் ரஹா ஹை". இறங்க வேண்டும் என்றால் "நீச்சே ஜானா ஹை". கடைசி வாக்கியத்தைக் கூச்சமில்லாமல் சொல்லப் பழகுங்கள். காசு கட்டியிருக்கிறோமே, மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கத்தில்தான் பலர் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏறிவிடுகிறார்கள்.

பணம் முழுவதையும் கட்டும் முன் ஏஜென்சியிடம் சில கேள்விகள் கேளுங்கள். கைடு ஹிமாசல் சுற்றுலாத் துறையில் பதிவு செய்தவரா, மலையேற்றப் பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும் பெற்றவரா? மணாலியிலேயே அரசு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருப்பதால் பயிற்சி பெற்றவர்கள் கிடைப்பது கஷ்டமில்லை. எத்தனை பேருக்கு ஒரு கைடு? எங்களில் ஒருவர் இறங்க வேண்டி வந்தால் கூட யார் வருவார், மற்றவர்களை யார் கூட்டிப்போவார்? இதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் அந்தக் குழுவுக்கு ஒரே ஒரு கைடுதான் என்று அர்த்தம். அப்படிப்பட்ட குழுவில் சேராதீர்கள்.

எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்ற கேள்வியை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். இமயமலையில் காலை தெளிவாக இருந்தாலும் மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு மழையோ ஆலங்கட்டியோ இடியோ வருவது சகஜம். பிருகு ஏரிக்கான பாதை பெரும்பாலும் திறந்த புல்வெளி; இடி இடித்தால் பாதுகாப்பாக ஒதுங்க இடமே இருக்காது. அதனால் விடிகாலையிலேயே நடக்கத் தொடங்கி, ஏரி கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒரு குறித்த மணிக்குத் திரும்பிவிட வேண்டும். மதியம் 12, அதிகம் போனால் 1 என்று கைடு தானாகச் சொன்னால் நம்பலாம். "ஏரியைப் பார்த்துட்டுத்தான் திரும்புவோம், கவலைப்படாதீங்க" என்று சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன்.

இனி பயிற்சி. உங்கள் கடற்கரை நடை மூச்சுக்கும் இதயத்துக்கும் நல்ல அடித்தளம். ஆனால் அது முழுக்கச் சமதளம். மலை கேட்பது ஏற்றத்தையும், அதைவிட முக்கியமாக இறக்கத்தையும். தொடைத் தசை பழகாமல் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கினால் முழங்கால் கெஞ்சும். வடசென்னையில் மலை இல்லையென்றாலும் படிக்கட்டுக்குக் குறைவில்லை. வாரத்தில் மூன்று நாள், ஆறு வாரத்துக்கு, அடுக்குமாடி மாடிப்படியோ ரயில் நிலைய நடைமேம்பாலமோ எடுத்துக்கொண்டு நாற்பது நிமிடம் ஏறி இறங்குங்கள். முதல் இரண்டு வாரம் வெறும் கையோடு. பிறகு மலைக்கு எடுத்துப்போகப் போகிற அதே பையில் தண்ணீர் பாட்டில் வைத்து நான்கைந்து கிலோ சுமையோடு. லிஃப்ட் பக்கம் போகாதீர்கள். இறங்குவதும் பயிற்சியில் பாதி. வேகத்துக்கு ஒரு எளிய அளவு இருக்கிறது: பேச்சை நடுவில் நிறுத்தாமல் ஒரு முழு வாக்கியம் சொல்ல முடிய வேண்டும். மலையிலும் இதே வேகம்தான்.

புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் ஒரு ஒத்திகை பாருங்கள். திருப்பதி அலிபிரி நடைபாதை அதற்கு அருமையான இடம், சுமார் 3,550 படி. ஸ்ரீவாரி மெட்டு வழியில் படி குறைவு, ஏற்றம் செங்குத்து. சோளிங்கர் பெரிய மலையும் நல்ல பயிற்சிதான். மலைக்குப் போடப் போகிற ஷூவையும் சாக்ஸையும் அன்றே போட்டு நடந்து பாருங்கள். கொப்புளம் வருவதென்றால் அங்கே வரட்டும். இந்தப் பயிற்சியெல்லாம் காலுக்குத்தான். உயரத்துக்குப் பழக மேலே சொன்ன இரவுகளை விட்டால் வேறு வழியில்லை.

கணவரின் பிரஷர் விஷயம். கட்டுப்பாட்டில் இருக்கும் ரத்த அழுத்தம் தடையல்ல. ஆனால் உயரத்தில் முதல் சில நாள் அழுத்தம் கூடலாம். சில பிரஷர் மாத்திரைகள் சிறுநீரை அதிகம் போகவைக்கும், உடம்பில் நீர் வற்றும். அதனால் மாத்திரைச் சீட்டோடு மருத்துவரைப் பார்த்து, "4,200 மீட்டர் போகிறேன்" என்று உயரத்தை எண்ணிக்கையில் சொல்லிக் கேட்கட்டும். வெறுமனே "மணாலி டூர்" என்று சொன்னால் மருத்துவர் ஊட்டியைப் போல் நினைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. ஈசிஜி, சர்க்கரை பார்த்துவிடலாம். நீங்கள் ஹீமோகுளோபின் அவசியம் பாருங்கள். ரத்தசோகை நம் பெண்களிடம் மிகப் பரவலாக இருக்கிறது. ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அதைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் குறைவாக இருந்தால் ஒவ்வொரு அடியும் கனக்கும். இப்போதே தெரிந்தால் மாத்திரையால் சரிசெய்ய நேரம் இருக்கிறது.

டயமாக்ஸ் என்ற பெயரில் விற்கும் அசிட்டசோலமைடு உடம்பு பழகுவதை விரைவுபடுத்தும். வேலை செய்கிற மருந்துதான். ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு ஆகாமல் போகலாம், சிறுநீர் அதிகம் போகும், விரல் நுனி மரமரக்கும். கணவரின் மாத்திரையோடு சேருமா என்பதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். மணாலியில் இருக்கும் நாள்களில் மது வேண்டாம், தூக்க மாத்திரையும் வேண்டாம். இரண்டும் தூக்கத்தில் மூச்சை மந்தப்படுத்தும்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும். அதனால் சென்னை வெயிலில் கொதிக்கும் அதே நேரம் ஏரிக்கரையில் பத்து டிகிரிக்குக் கீழே இருக்கலாம். காற்று வேறு. நம் ஊருக்குப் பருத்திதான் சுகம், ஆனால் மலையில் வியர்வையில் நனைந்த பருத்தி காயாமல் உடம்பைக் குளிரவைத்துவிடும். உள்ளே சீக்கிரம் காயும் விளையாட்டு பனியன், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றும் மழையும் நுழையாத மேலங்கி. கனமான குளிர்க்கோட்டு மணாலியிலேயே வாடகைக்குக் கிடைக்கும், ஷூ மட்டும் சொந்தமாக இருக்கட்டும். ஜூனில் வழியில் பனி கிடக்கலாம். அதில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணையும் மூக்கின் அடிப்பக்கத்தையும் சுட்டுவிடும். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் ஆளுக்கு ஒன்று கட்டாயம். ஏரி பாதி உறைந்திருந்தால் அந்தப் பனிமேல் கால் வைக்க வேண்டாம், போட்டோவுக்காகக்கூட.

உயரத்தில் பசி மந்தமாகும். பிடித்த சாப்பாடு கையில் இருந்தால்தான் உள்ளே போகும். கடலை மிட்டாய், பேரீச்சை, முறுக்கு, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் எடுத்துப்போங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். வழியில் கழிப்பறை கிடையாது, அதனால் பெண்கள் பலர் காலையிலிருந்து தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குழு சற்று முன்னால் போய் நிற்கும்படி கைடிடம் சொல்லிவிட்டு ஒதுங்கலாம், இது அங்கே அன்றாடம் நடப்பதுதான். பயன்படுத்திய காகிதத்தைப் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஏஜென்சி தேதியை மாற்ற மறுத்தால் ஏரியை மாற்றுங்கள். மண்டி என்ற ஊர்ப் பக்கம் பராசர் ஏரி இருக்கிறது, 2,730 மீட்டர். ஏரிக்குள் மிதக்கும் ஒரு புல்தீவு, கரையில் அடுக்குக் கூரை வைத்த மரக்கோயில். பாகி கிராமத்திலிருந்து காட்டுவழியாக நடந்து போகலாம், முடியாதவர்களுக்கு வண்டிப் பாதையும் உண்டு. அந்த உயரத்துக்கு இத்தனை நாள் ஒதுக்கத் தேவையில்லை. பிருகுவே வேண்டும் என்று மகன் பிடிவாதமாக இருந்தால், பேக்கேஜிலிருந்து அந்த ஒரு நாளை மட்டும் கழித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். மணாலியில் உங்களுக்கு ஏற்ற நாளில் பதிவு பெற்ற கைடு ஒருவரைத் தனியாக அமர்த்திக்கொள்ளலாம். ரயில் டிக்கெட் போடும் முன் இதை முடிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் திரும்பும் தேதியும் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும்.