வீட்டை விற்று மருத்துவப் படிப்பு வேண்டாம் அக்கா

போன வாரம் உட்லண்ட்ஸிலிருந்து ஓர் அம்மாவும் மகனும் மேற்படிப்பு பற்றிக் கேட்க என்னைப் பார்க்க வந்தார்கள். தம்பிக்கு 21 வயது, தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவச் சேவை, முடிய இன்னும் மூன்று மாதம். ஏ நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண்தான், ஆனாலும் இங்கே சிங்கப்பூரில் மருத்துவத்துக்கு இடம் கிடைக்கவில்லை. பெரியப்பா விடவில்லை. வெளிநாட்டில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்டை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். ஐந்தறை வீட்டை விற்றுவிட்டு மூவறைக்குப் போகலாம் என்பது திட்டம். "எங்க குடும்பத்துல ஒரு டாக்டர்கூட இல்ல சார்" என்று சொல்லும்போது அந்த அம்மாவுக்குக் குரல் கம்மிப்போனது.

அன்றைக்கு நானும் ஆறுதலாக ஏதேதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அப்புறம் யோசித்தால் அது சரியில்லை. அதனால் இப்போது நேராகவே சொல்கிறேன் அக்கா: வீட்டை விற்காதீர்கள்.

வீடு விற்ற பணம் முழுவதும் உங்கள் கைக்கு வராது. வீட்டுக்காக மசே நிதியிலிருந்து (மத்திய சேம நிதி, சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) எடுத்த தொகை, அதற்குச் சேர்ந்த வட்டியோடு, மறுபடியும் மசே நிதிக்கே போய்விடும். உங்கள் கணவருக்கு 53 வயது. அந்தப் பணத்தை இப்போது வெளியே எடுக்க முடியாது, வெளிநாட்டுக் கல்லூரிக் கட்டணத்துக்கும் மசே நிதியைத் தொட முடியாது. ஏஜென்ட் எழுதிக் கொடுத்த தாளில் இந்த வரியே இல்லை. இன்னொன்று, வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே டாக்டராகப் பதிவு செய்ய, அந்தக் கல்லூரி சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் பட்டியலில் இருக்க வேண்டும். 2020இல் அந்தப் பட்டியல் 160 கல்லூரிகளிலிருந்து 103 ஆகக் குறைக்கப்பட்டது, பிறகு சில சேர்க்கப்பட்டன. கல்லூரி பட்டியலில் இருந்தாலும் போதாது, இங்குள்ள ஒரு மருத்துவமனை வேலைக்கு எடுத்தால்தான் பதிவே. நீங்கள் காட்டிய கல்லூரியின் பெயரைப் பட்டியலில் தேடினேன். இல்லை.

நீங்கள் போன் பேச வெளியே போயிருந்த பத்து நிமிடத்தில் தம்பி என்ன பேசினான் தெரியுமா? டாக்டர் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, எல்லாம் பாட்டியைப் பற்றித்தான். பக்கவாதத்தில் பாட்டிக்கு வலது கை பலவீனமாகிவிட்டது. இடது கையால் சாப்பிடச் சொன்னால், அந்தக் கையால் எப்படிச் சோறு சாப்பிடுவது என்று தட்டைத் தள்ளிவிட்டாராம். இவன் முகாமிலிருந்து வார இறுதியில் வந்தபோது, குழாய்க்குச் சுற்றுகிற நுரை உறையை வெட்டிக் கரண்டிக் காம்பில் மாட்டித் தடிமனாக்கிக் கொடுத்திருக்கிறான். அந்த வலது கையாலேயே பாட்டி நாலு வாய் சாப்பிட்டார். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். அதற்கு முன் ஒரு மணி நேரமாக என் அறையில் உட்கார்ந்திருந்தவன் வேறு ஆள்.

அவன் தனக்குத் தெரியாமலே செய்தது ஆக்குபேஷனல் தெரப்பி. பெயரைக் கேட்டதும் வேலை வாங்கித் தருகிற துறை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நோயோ விபத்தோ முதுமையோ வந்தவர் மறுபடி தன் அன்றாடக் காரியங்களைத் தானே செய்துகொள்ள வழி செய்கிற சிகிச்சை அது. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. நீண்டகாலப் பராமரிப்புக்கான கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதிகூட இந்த ஆறில் மூன்றைச் செய்ய முடியாதவருக்குத்தான் பணம் தருகிறது, அவ்வளவு முக்கியம் இந்த ஆறும். பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, நோயாளியின் கைக்கு ஏற்ற வடிவில் வளைத்துத் தாங்கி செய்வார்கள். வீட்டுக்கே போய்க் கழிவறை வாசற்படியின் உயரத்தை அளந்து, கைப்பிடி எந்த இடத்தில் வரவேண்டும் என்று பார்ப்பார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில், முதியோருக்கு வசதி செய்து தரும் ஈஸ் திட்டத்தின் கீழ் கைப்பிடி, வழுக்காத தரை எல்லாம் போட்டுத் தருகிறார்களே, அதை அந்த ஆளின் உடம்புக்கும் பழக்கத்துக்கும் பொருத்திப் பார்க்க ஒருவர் வேண்டும். ஒரு கையால் சேலை கட்ட எப்படிப் பழக்குவது, பேச்சு குழறும் பெரியவரிடம் தமிழிலும், கடைத்தெருவில் பேசும் சந்தை மலாயிலும் எப்படிப் பதில் கேட்டு வாங்குவது என்பது நம் வீட்டுப் பிள்ளைக்குச் சீக்கிரம் பிடிபடும்.

இந்த வேலை இனி குறையப்போவதில்லை. 1972இல் இரண்டு பிள்ளைகளோடு நிறுத்தச் சொன்ன அரசின் 'இரண்டு போதும்' இயக்கம் வந்த நேரத்தில் பிறந்தவர் உங்கள் கணவர். அவரும் பெரியப்பாவும் ஆக இரண்டே பிள்ளைகள், பாட்டியைப் பார்த்துக்கொள்ளவும் அந்த இரண்டு பேர்தான். உங்களுக்கோ ஒரே மகன். 2023இல் இந்த நாட்டின் கருவுறுதல் விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள், 0.97, 2030க்குள் குடிமக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். முன்பு மருமகள்களும் பேத்திகளும் சேர்ந்து செய்த பராமரிப்பை இன்று செய்ய வீட்டில் ஆள் இல்லை. அது படித்துச் செய்கிற, சம்பளம் வாங்குகிற தொழிலாகிவிட்டது. வீட்டை விற்பதில் எனக்குள்ள பெரிய பயமும் இதுதான். நாளைக்கு உங்கள் இருவரையும் தாங்கப்போகிறவன் அவன் ஒருவன், உங்கள் முதுமைக்கான பணத்தை இப்போதே கரைத்துவிட்டால் அந்தச் சுமையும் அவன் தலையில்தான் விழும்.

எஸ்ஐடியில் (சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம்) ஆக்குபேஷனல் தெரப்பி நான்கு வருடப் பட்டப்படிப்பு, வளாகம் பொங்கோலில். உலக ஆக்குபேஷனல் தெரப்பி சம்மேளனத்தின் விதிப்படி குறைந்தது 1,000 மணி நேரம் நேரடிப் பயிற்சி உண்டு. 2011இல் வந்த சட்டத்தின் கீழ் பதிவு செய்தவர்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம், எனவே யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். அரசு மானியம் உள்ள படிப்பு என்பதால் உங்கள் மசே நிதிச் சேமிப்பிலிருந்தே கல்விக் கடனை ஒரு வரம்புக்குள் பயன்படுத்தலாம், படித்து முடித்த ஒரு வருடம் கழித்துத் தம்பி திருப்பிக் கட்டத் தொடங்குவான். இந்தியச் சமூகத்துக்கு உதவும் சிண்டா அமைப்பிடமும் உதவி கேளுங்கள். அரசு மருத்துவமனைகளின் தாய் நிறுவனமான எம்ஓஎச் ஹோல்டிங்ஸ் உபகாரச் சம்பளம் தருகிறது, ஆனால் அதற்குப் படித்த பின் வேலை செய்தாக வேண்டிய ஒப்பந்தக் காலம் உண்டு, படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

டாக்டர் சம்பளம் வராது. ஆளைத் தூக்கி உட்கார வைக்கிற வேலை, உடம்பு களைக்கும். இடத்துக்குப் போட்டியும் கடுமை, நேர்முகத் தேர்வில் ஏன் இந்தத் துறை என்று துருவித் துருவிக் கேட்பார்கள். அங்கே அவன் அந்தக் கரண்டியைப் பற்றிச் சொல்லட்டும். இந்த முறை கிடைக்காவிட்டால் ஒரு வருடம் தெரப்பி உதவியாளராக வேலை பார்த்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம், அதில் நஷ்டம் எதுவும் இல்லை.

இப்போதைக்கு ஏஜென்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். பாட்டி போகிற பகல்நேர மறுவாழ்வு நிலையத்தில், தம்பி ஒரு நாள் முழுக்கக் கூட இருந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பெரியப்பாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள், நான் பேசுகிறேன். வரும்போது மசே நிதி அறிக்கையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.