மலை நடைக்குப் போகலாம், நோயை மறைக்காமல்

கேள்வி: எனக்கு 57 வயது, கோண்டாவிலில் வசிக்கிறேன். நீரிழிவுக்கு மெட்போர்மினும் கிளிக்கிளசைட்டும், பிரஷருக்கு அட்டினோலோலும் எடுக்கிறேன். ஒக்டோபரில் சுவிஸில் தம்பி வீட்டுக்குப் போகிறேன். பனி கொட்டத் தொடங்குமுன் அவருடைய ஊர்ச்சங்கத்தார் 2,000 மீற்றர் உயர மலைப்பாதையில் நான்கு மணித்தியாலம் நடக்கப் போகிறார்களாம். நானும் போகலாமா? நோயைச் சொன்னால் வீட்டில் விட்டுவிடுவார்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை.

பதில்: படியேறும்போது நெஞ்சு இறுகுவதோ தாடைக்கும் கைக்கும் வலி பரவுவதோ இல்லையென்றால் போகலாம். அப்படி இருந்தால் முதலில் இருதய வைத்தியரைப் பாருங்கள். ஆனால் எனக்குக் கவலை தருவது உங்கள் கடைசி வரிதான்.

கிளிக்கிளசைட், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும் குளிசை. மணிக்கணக்கில் நடக்கும்போது தசைகளும் இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்ளும். இரத்தச் சீனி 70க்குக் (mg/dL) கீழே இறங்கினால் வழக்கமாகக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அட்டினோலோல் இந்த இரண்டையும் அமுக்கிவிடும். மிஞ்சுவது வியர்வைதான், ஏற்றத்தில் எல்லோருக்கும் வியர்க்கும்போது அதை யார் கவனிப்பார்கள்? பிறகு பேச்சுக் குழறும், கால் தடுமாறும். கடுங்குளிரில் உடல் விறைக்கத் தொடங்கினாலும் இதே குழறல், இதே தடுமாற்றம்தான். விடயம் தெரியாதவர்கள் "அக்காவுக்குக் குளிர்கிறது" என்று போர்த்திவிட்டு இருந்துவிடுவார்கள். தெரிந்தவர் போர்த்துவதோடு சீனியும் கொடுப்பார்.

ஆகவே தம்பியிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அன்று உங்களோடு நடக்கப்போகும் ஒருவருக்கும் சொல்லி, சீனி எந்தப் பையில் இருக்கிறது என்று காட்டிவையுங்கள். இரத்தச் சீனி இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். சொக்கிலேட்டில் கொழுப்பு இருப்பதால் அது மெதுவாகவே வேலை செய்யும். பனங்கட்டி சீனியைக் கூட்டாது என்று நம்மூரில் பலர் நம்புகிறார்கள்; கூட்டும். நினைவு தவறினால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, சுவிஸின் அம்புலன்ஸ் இலக்கமான 144க்கு அழைக்க வேண்டும். சீனி பார்க்கும் கருவி குளிரில் வேலை செய்யாமல் போகலாம், உடுப்புக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள்.

நடக்கும் நாளில் கிளிக்கிளசைட்டைக் குறைப்பதா என்று புறப்படுமுன் கிளினிக்கில் கேளுங்கள். நீங்களாகக் குறைக்க வேண்டாம். அட்டினோலோலைத் திடீரென நிறுத்துவது இருதயத்துக்கு ஆபத்து.

ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். பேர்ண் நகரில் 15 பாகை என்றால், அங்கிருந்து ஏறக்குறைய 1,500 மீற்றர் மேலே 6 பாகைதான் இருக்கும், காற்றடித்தால் இன்னும் குளிரும். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை உடல் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி, வெளியே காற்றும் மழையும் புகாத ஜக்கெட். அந்த உயரத்தில் காற்றழுத்தம் இங்குள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான், மூச்சு வாங்குவது இயல்பு. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் நடவுங்கள். குழு உங்கள் வேகத்துக்கு வரவேண்டும். அதற்கும் அவர்களுக்கு விடயம் தெரிந்திருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஏற்றம் தேடினாலும் கிடைக்காது. கீரிமலையில்கூட மலை பெயரில்தான். அதனால் இப்போதிருந்தே பண்ணைப் பாலத்தில் எதிர்க்காற்றில் நடந்து பழகுங்கள், மாடிப்படியில் ஏறி இறங்குங்கள். இறங்கும்போது மெதுவாக இறங்குங்கள், மலையிலும் முழங்காலை வருத்துவது இறக்கம்தான். வாங்கும் சப்பாத்தை இங்கேயே போட்டுப் பழகிவிடுங்கள். பாதம் மரத்திருந்தால் கொப்புளம் வந்தாலும் தெரியாது, இடையில் நிற்கும்போது சப்பாத்தைக் கழற்றிப் பாருங்கள்.

வீடு திரும்பிய பிறகும் அன்றிரவு சீனி இறங்கலாம். படுக்குமுன் ஒருமுறை சோதியுங்கள். 100க்குக் குறைவாக இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.