பச்சைக் குறி போட்ட ரிசோட்டோவில் சிக்கன் ஸ்டாக்: வழக்குப் போடலாமா?

கேள்வி: அப்பா, அம்மாவின் 40ஆவது திருமண நாளுக்காகச் சென்னையில் ஒரு பாரம்பரிய இத்தாலிய உணவகத்தில் பத்துப் பேருக்கு மேசை பதிவு செய்தோம். முட்டைகூடச் சேர்க்காத சைவம் என்று முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் எழுதினேன். ‘ஏற்பாடு செய்துவிடலாம்’ என்று பதில் வந்தது. மெனுவில் பச்சைக் குறி போட்டிருந்த காளான் ரிசோட்டோ என்ற இத்தாலிய அரிசி உணவைச் சாப்பிட்டு முடித்த பிறகு, அது சிக்கன் ஸ்டாக்கில் (கோழி வேகவைத்த சாற்றில்) வேகவைத்தது என்று பரிமாறியவரே சொன்னார். கடைசியில் வந்த டிரமிசு என்ற கிரீம் இனிப்பிலும் முட்டை. அம்மா அழுதேவிட்டார். ரூ.18,400 சாப்பாட்டுக்கு 10% சர்வீஸ் சார்ஜும், மொத்தத்துக்கு 5% ஜி.எஸ்.டி.யும் சேர்த்து ரூ.21,252 வாங்கினார்கள். எடுக்கச் சொன்னால், ‘மெனுவிலேயே போட்டிருக்கிறோமே’ என்றார் மேலாளர். போலீஸில் புகார் கொடுக்கலாமா? நஷ்டஈடு கிடைக்குமா?
– வாசகி, சென்னை

பதில்: போலீஸ் புகார் வேண்டாம். மத உணர்வைப் புண்படுத்தியதாக, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆவது பிரிவில் நடவடிக்கை எடுக்க வேண்டுமானால், வேண்டுமென்றே, தீய எண்ணத்தோடு செய்தார்கள் என்று காட்ட வேண்டும். சமையலறையின் அலட்சியம் அதற்குள் வராது. நீங்கள் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். அங்கே உங்களுக்கு நல்ல வழக்கு இருக்கிறது.

அதில் பிரதானம் ரிசோட்டோ. அந்த அரிசியை வெறும் தண்ணீரில் வேகவிடுவதில்லை. சூடான ஸ்டாக்கைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறுவார்கள். பாரம்பரியச் செய்முறையில் அது பெரும்பாலும் இறைச்சி ஸ்டாக்தான். மிலானோ பாணியில் மாட்டெலும்பு மஜ்ஜையும் சேரும். ‘அசல் செய்முறையே இப்படித்தான்’ என்று உணவகம் வாதாடும். அந்த வாதம் அவர்களையே திருப்பித் தாக்கும். இறைச்சிச் சாறு சேரும் என்று தெரிந்தவர்கள் பச்சைக் குறி போட்டது எப்படி? சைவம் என்று நம்பவைத்து அசைவத்தைப் பரிமாறுவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி சேவைக் குறைபாடு; நேர்மையற்ற வணிக நடைமுறையும்கூட.

ஆனால் இப்படிப்பட்ட வழக்கில் தோற்றவர்களும் உண்டு. சைவ மோமோவுக்குப் பதில் அசைவம் தந்ததாகத் தொடுத்த வழக்கை மும்பை புறநகர் ஆணையம் 2025இல் தள்ளுபடி செய்தது. பில்லில் இருந்தது அசைவ ஆர்டர். கண்டிப்பாகச் சைவம் மட்டுமே சாப்பிடுபவர்கள், சைவம், அசைவம் இரண்டும் விற்கும் கடைக்கு ஏன் போனார்கள், வாயில் வைக்கும் முன்பே தெரிந்திருக்காதா என்றும் ஆணையம் கேட்டது. உங்களையும் கேட்பார்கள். அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது: எழுத்தில் கேட்டீர்கள், எழுத்தில் சம்மதித்தார்கள், ஸ்டாக் கண்ணுக்குத் தெரிகிற பொருளல்ல.

டிரமிசுவும் உங்கள் பக்கம்தான். இந்திய உணவுச் சட்டத்தில் முட்டை அசைவம். டிரமிசுவின் கிரீமில் மஞ்சள் கரு சேரும். அடியில் அடுக்கும் பிஸ்கட்டிலும் முட்டை உண்டு. முட்டையில்லாமல் செய்ய முடியாதென்றால் அதைப் பதிவின்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மனுவில் சேர்க்காதீர்கள். ரிசோட்டோமேல் தூவும் பார்மிஜானோ ரெஜானோ சீஸில், கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் என்ற உறைபொருள் உண்டு. உங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது பெரிய விஷயம் என்பது புரிகிறது. ஆனால் அசைவத்துக்கான சட்ட விளக்கம் பால் பொருட்களுக்கு விலக்கு அளிக்கிறது. பலவீனமான இந்தக் குற்றச்சாட்டைச் சேர்த்தால், எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டு மற்றதை மறக்கடித்துவிடும்.

சாட்சியம்தான் உங்களுக்குச் சிக்கலான இடம். பரிமாறியவர் வாயால் சொன்னதற்குப் பதிவு இல்லை. தேதி, நேரம், மேசை எண், அவர் சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றை எழுதி இன்றே உணவகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, ‘காளான் ரிசோட்டோவில் எந்த ஸ்டாக் பயன்படுத்துகிறீர்கள்?’ என்று கேளுங்கள். மறுக்காமல் மன்னிப்புக் கேட்டாலும், பதிலே தராவிட்டாலும் அது உங்களுக்கு உதவும். மெனுவைப் பச்சைக் குறி தெரியும்படி படம் எடுத்துவையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல், சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆவது பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழோடு அச்சிட்டுத் தாருங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவில் வாங்குபவரே உணவைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம்; ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு அந்த வழி மூடிவிட்டது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் தனியாகப் புகார் கொடுங்கள். அவர்கள் சமையலறையைச் சோதித்து எழுதும் அறிக்கை உங்கள் வழக்குக்கும் பயன்படும்.

சர்வீஸ் சார்ஜ் விஷயத்தில் தயங்கவே வேண்டாம். அதை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அதையும் சேர்த்து ஜி.எஸ்.டி. போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அதை உறுதிசெய்தது. உணவகச் சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின; மனுத் தாக்கல் செய்யும் நாளில் அதன் நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெனுவில் அச்சடித்திருப்பதால் அது கட்டாயமாகிவிடாது. உங்கள் பில்லில் சார்ஜ் ரூ.1,840; அதன்மேல் 5% வரி ரூ.92. திரும்ப வர வேண்டியது ரூ.1,932. இதற்கு மட்டும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தாலே பல உணவகங்கள் பணத்தைத் திருப்பித் தந்துவிடும். அப்படி வாங்கும்போது ‘எல்லாப் புகாரும் தீர்ந்தது’ என்று எழுதித் தந்துவிடாதீர்கள்.

மனு போடுவதற்கு முன், 15 நாள் அவகாசத்தோடு ஒப்புகையுள்ள தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டப்படி கட்டாயமில்லை, ஆணையத்தின் முன் உங்கள் நியாயத்தைக் காட்டும். பலர் தவறுவது எதிர்மனுதாரரின் பெயரில். பெயர்ப்பலகையில் இருப்பது கடையின் பெயர். நடத்துவது பெரும்பாலும் வேறு பெயரில் ஒரு நிறுவனம். பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை வரித்துறை இணையதளத்தில் போட்டால் சட்டப்பூர்வப் பெயர் கிடைக்கும். பில்லில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இல்லையென்றால் அதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. பில் கட்டியது நீங்கள் என்றாலும் அப்பா, அம்மாவையும் மனுதாரர்களாகச் சேருங்கள். உங்கள் சம்மதத்தோடு சேவையைப் பெற்றவர்களும் சட்டப்படி நுகர்வோர்தான். அன்றிரவு நேர்ந்ததை அம்மாவே உறுதிமொழிப் பத்திரத்தில் சொல்வது, நீங்கள் பத்துப் பக்கம் எழுதுவதைவிட வலுவானது. அசைவ உணவுகளின் விலை, சர்வீஸ் சார்ஜ், மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். 20 லட்சம், 50 லட்சம் என்று எழுதினால் பணத்துக்காக வந்தவர்கள் என்ற எண்ணம்தான் மேலோங்கும்.

ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் உணவகம் பதில் தாக்கல் செய்ய வேண்டும்; அதன்பின் ஏற்க ஆணையத்துக்கே அதிகாரமில்லை. வழக்குத் தொடுக்கக் காலவரம்பு 2 ஆண்டுகள். அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். பரிமாறியவர் வேறு வேலைக்குப் போய்விடலாம், மெனு மாறிவிடலாம். மின்னஞ்சல் இந்த வாரமே போகட்டும்.