மழை வலுத்தால் விழும் மெயின்: எங்கே தேடுவது?

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து வீட்டில் கரண்ட் அடிக்கடி டிரிப் ஆகிறது. பெரும்பாலும் இரவில், மழை வலுத்த பிறகு. தூக்கிவிட்டால் உடனே விழுகிறது. மறுநாள் வெயில் வந்ததும் தானாகச் சரியாகிவிடுகிறது. விழுவது சின்ன சுவிட்சுகள் இல்லை, 'T' என்று பட்டன் உள்ள அகலமான சுவிட்ச். ஒரு எலக்ட்ரீஷியன் எல்லா பிரேக்கரையும் 32 ஆம்பியராக மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் அந்த அகலமான சுவிட்சையே எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்துவிடலாம் என்கிறார். எதைச் செய்வது?"

இரண்டையும் செய்யாதீர்கள் அம்மா. முக்கியமான துப்பை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். டிபி பாக்ஸில், அதாவது இந்த சுவிட்சுகள் எல்லாம் இருக்கும் பெட்டியில், எது விழுகிறது என்று பார்த்துச் சொல்பவர்கள் குறைவு. பாதி வேலை அதிலேயே முடிந்துவிடுகிறது.

வரிசையாக இருக்கும் சின்ன சுவிட்சுகள் எம்சிபி. அளவுக்கு மேல் லோடு ஏறினாலோ, ஷார்ட் ஆனாலோ அவை விழும். 2000 வாட் கீசர், 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 1000 வாட் அயர்ன் பாக்ஸ் மூன்றும் ஒரே 16 ஆம்பியர் எம்சிபியில் ஓடினால் கிட்டத்தட்ட 22 ஆம்பியர் இழுக்கும். கொஞ்ச நேரம் தாங்கும். உள்ளே இருக்கும் உலோகப் பட்டை சூடேறி வளைந்ததும் விழும். ஷார்ட் என்றால் தூக்கிய நொடியே 'டப்'பென்று விழும். லோடு குறைவாக இருந்தும் எம்சிபி விழுகிறது, தொட்டால் சுடுகிறது என்றால், ஒயர் மாட்டிய ஸ்குரூ தளர்ந்திருக்கலாம். அந்த இடத்தில் ஒயரின் தோல் பழுப்பேறியிருக்கும், கருகிய பிளாஸ்டிக் வாடை வரும்.

உங்கள் வீட்டில் விழும் அந்த 'T' பட்டன் உள்ள அகலமான சுவிட்ச் ஆர்சிசிபி. அதற்கு லோடு பற்றிக் கவலையில்லை. ஃபேஸில் போன கரண்ட் முழுதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்பதை மட்டுமே பார்க்கும். போனதற்கும் வந்ததற்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் இருந்தால் கண்டிப்பாக விழும். 15-ஐத் தாண்டியதுமே விழவும் செய்யலாம். அந்த வித்தியாசம் ஈரச் சுவர் வழியாகப் போயிருக்கலாம், ஒரு மனிதர் உடம்பு வழியாகவும் போயிருக்கலாம். 'எர்த் அடிக்குது' என்று நாம் சொல்வது இதைத்தான். உயிரைக் காப்பாற்ற வீட்டில் இருக்கும் ஒரே சுவிட்ச் அது. அதை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுக்கலாம் என்று சொன்னவரை மறுபடி கூப்பிடாதீர்கள்.

மழையில் விழுந்து வெயிலில் சரியாகிறது என்றால், எங்கோ தண்ணீர் இறங்கிக் காய்கிறது. கேட் விளக்கு, மொட்டை மாடி விளக்கு, மோட்டார் மூன்றையும்தான் முதலில் சந்தேகப்படுவேன். போன வருடம் ஒரு வீட்டில் மாடிப்படி சுவிட்ச் போர்டைக் கழற்றினேன். பாக்ஸின் அடியில் அரை விரற்கடை தண்ணீர், அதில் எறும்புப் புற்று மண் கரைந்து சேறாகி, அந்தச் சேற்றில் ஒரு ஒயர் ஜாயிண்ட் கிடந்தது. மொட்டை மாடி விளக்குக்குப் போன பைப்பின் வாயை யாரும் மூடவில்லை. மழைநீர் சுவருக்குள்ளேயே பைப் வழியாக ஒரு மாடி இறங்கி வந்திருக்கிறது. வெளியில் பார்த்தால் சுவர் காய்ந்துதான் இருந்தது. சம்பில் நீர்மூழ்கி மோட்டார் இருந்தால், அதன் கேபிள் ஜாயிண்டையும் பார்க்க வேண்டும். சாதாரண டேப் சுற்றிய ஜாயிண்ட் தண்ணீரில் மூழ்கினால் ரொம்ப நாள் தாங்காது.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கை உலர்ந்திருக்க வேண்டும், காலில் ரப்பர் செருப்பு வேண்டும். எல்லா எம்சிபியையும் இறக்குங்கள். ஆர்சிசிபியின் நெம்புகோலை முழுதாகக் கீழே இழுத்துவிட்டுத் தூக்குங்கள். நின்றால், எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, கோளாறு அந்த லைனில். அந்த லைனில் உள்ள எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்கத்தான் வேண்டும். இப்போது நின்றால் குற்றவாளி ஏதோ ஒரு சாதனம். நம் ஊரில் அது அநேகமாகக் கீசராக இருக்கும். போர் தண்ணீரின் உப்பு படிந்து படிந்து காயிலின் உறை வெடித்துவிடுகிறது. குழாயைத் தொடும்போது சுருக்கென்றால், சரிபார்க்கும்வரை கீசரைப் போடவே வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அனுபவப்பட்டவர்களே இங்கே தடுமாறுவார்கள். வீட்டு எம்சிபி பெரும்பாலும் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் டிபிக்குள் ஒரே கட்டையில் சேர்ந்தே இருக்கும். எங்காவது ஒரு நியூட்ரல் ஈரத்தில் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த லைனின் எம்சிபியை இறக்கினாலும் கோளாறு போகாது. சம்பந்தமே இல்லாத இன்னொரு ரூமில் ஃபேனோ ஃபிரிட்ஜோ ஓடும்போது விழும். ஃபிரிட்ஜ்தான் காரணம் என்று அதைப் பழுதுபார்க்க அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கோளாறைப் பிடிக்க மெயினை அணைத்துவிட்டு, நியூட்ரல் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது எலக்ட்ரீஷியன் வேலை, நீங்கள் டிபியைத் திறக்க வேண்டாம். இன்வெர்ட்டர் புதிதாக வைத்த பிறகுதான் பிரச்சினை தொடங்கியது என்றால், அதன் நியூட்ரலை வேறு லைனோடு கலந்துவிட்டார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த 32 ஆம்பியர் யோசனை. விழுவது ஆர்சிசிபி என்பதால் எம்சிபியை மாற்றி ஒரு பயனும் இல்லை. ஆபத்து மட்டும் வரும். பிளக் பாயிண்டுக்கு வழக்கமாகப் போடுவது 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர், அதற்கு 16 ஆம்பியர் எம்சிபி, மிஞ்சினால் 20. 32 ஆம்பியர் எம்சிபி என்பது 36 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம் விழாமல் இருக்கும்படி செய்யப்பட்டது. அந்த ஒரு மணி நேரமும் சுவருக்குள் ஒயர் வெந்துகொண்டிருக்கும். சுவிட்ச் விழாது, நீங்களும் நிம்மதியாகத் தூங்குவீர்கள். எனக்குப் பயமே அந்த நிம்மதிதான்.

எலக்ட்ரீஷியன் வரும்போது மெகர் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒயரிலிருந்து கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் மீட்டர் அது. 500 வோல்ட்டில் ஒவ்வொரு லைனையும் எர்த்தோடு வைத்து அளந்தால் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். அளப்பதற்கு முன் டிவி, கம்ப்யூட்டர், எல்இடி விளக்குகளைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அவை கெட்டுப்போகும். ஆர்சிசிபியே பழுது என்று தெரிந்து மாற்றினால், மறுபடி 30 மில்லி ஆம்பியர்தான் வாங்க வேண்டும். 100, 300 என்றும் கடையில் கிடைக்கும், ஆனால் அவை ஆளைக் காப்பாற்றப் போதாது. மாட்டிய பிறகு 'T' பட்டனை அழுத்தி விழுகிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஆளை வெயில் ஏறிய பிறகு வரவழைக்காதீர்கள். ஈரம் காய்ந்துவிட்டால் மீட்டர் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்டும், அவரும் 'கோளாறு ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இரவு மழையில் டிரிப் ஆனால், மறுநாள் காலை ஆறு ஆறரைக்கே வரச் சொல்லுங்கள்.